மாப்பிள்ளை சைக்கிளின் கொம்பு

உட்காருங்க தம்பி, உட்காருங்க. இடம் இருக்குது. பொள்ளாச்சியில ஏறுன ஆளுங்க எல்லாரும் இதைப் பார்த்துட்டுத் தாண்டித் தாண்டிப் போறாங்க. ஒண்ணும் பண்ணாதுங்க. கிடாக் கொம்பு இல்லீங்க இது. பேப்பர் சுத்தி வெச்சிருக்கறதுனால அப்படித் தெரியுது. உடுமலையில ஏறும்போதே கண்டக்டர் கேட்டுட்டாரு, "ஏனுங்க பெரியவரே, மீதி ஆடு எங்கீங்க?"ன்னு. பஸ்ஸே சிரிக்குது. "மீதி வீட்டுல நிக்குதுங்க"ன்னேன். பொய் இல்லீங்களே. நிசமாவே மீதி வீட்டுலதான் நிக்குது.

சைக்கிள் ஹேண்டில்பாருங்க இது. முட்டியை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கங்க, முனை குத்தும். நீங்க எங்க, உக்கடமா? நானும் உக்கடந்தான். பதினோரு மணிக்கு முன்னால போய்ச் சேர்ந்துருவானுங்களா இந்த டிரைவரு? போகணுமுங்க. போயே ஆகணும். பதினோரு மணிக்கு வேற ஒருத்தன் அந்தக் கடைக்கு வர்றான். அவன் வந்துட்டா என் கதை முடிஞ்சுது.

நாளைக்கழிச்சு எங்க வீட்டுல தலை தீபாவளிங்க. நாளைக்கு ராத்திரி மகளும் மாப்பிள்ளையும் பெங்களூர்ல இருந்து வர்றாங்க. இது மாப்பிள்ளை சைக்கிளோட கொம்பு. அவரு வீட்டுப்படி ஏறறதுக்குள்ள இது பழையபடி சைக்கிள் மேல ஏறியிருக்கணும். அவ்வளவுதான் விசயம். யாரு கழட்டினதுங்கிறீங்களா? அதைத்தான் சொல்ல வர்றேன்.

மாப்பிள்ளை பேரு நவநீதன். கம்ப்யூட்டர் கம்பெனி. தங்கமான பையனுங்க. அதிர்ந்து பேச மாட்டாரு. அதிர்ந்து என்ன, பேசவே மாட்டாரு. அதுதான் எங்களுக்குத் தொல்லையே. பேசற ஆளா இருந்தா, கோவம் வந்தா வந்துச்சுன்னு தெரிஞ்சு போகும். இவரு எதுக்கும் "பரவாயில்லைங்க மாமா". காப்பிக்குச் சர்க்கரை போட மறந்தாலும் பரவாயில்லைங்க மாமா. கரண்ட் போனாலும் பரவாயில்லைங்க மாமா. உள்ளுக்குள்ள என்ன ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரி துளசிமணி அதுக்கு ஒரு கணக்குக் கண்டுபிடிச்சிருக்கறா. இலையில ரெண்டாவது தடவை சோறு வாங்கினா மாப்பிள்ளை மனசு குளிர்ந்திருக்குது. வாங்காம எந்திரிச்சா எங்கயோ புண்பட்டுப் போச்சு.

கல்யாணம் முடிஞ்சு மறுவிருந்துக்கு வந்தாங்க. மாப்பிள்ளை தன்னோட கூலிங்கிளாஸை நாற்காலியில வெச்சிருந்தாரு. நான் அது மேல உட்கார்ந்துட்டேன். நாற்காலியில கண்ணாடி வைக்கறவரு ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமில்லீங்களா? சரி, அதை விடுங்க. "பரவாயில்லைங்க மாமா"ன்னாரு. அப்புறம் கூடத்துல பாய் விரிச்சு, தலைவாழை இலை போட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு, தலைக்கறி, எல்லாம். ஒரு தடவை சாப்பிட்டாரு. துளசிமணி ரெண்டாவது தடவைக்கு அன்னக்கூடையோட வர்றா, இவரு இலைக்குக் குறுக்கே கையை வெச்சு மறிச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. எந்திரிச்சு நின்னு கழுத்தை இப்படி ஒரு தடவு தடவிக்கிட்டாரு, பாருங்க. அடக்கி வெச்ச கோவம்னா அப்படித்தானே இருக்கும்? அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் நான் எதுல உட்காரப் போனாலும் துளசிமணி, "பார்த்து, பார்த்து"ங்கறா. சோபாவுல உட்காந்தாக்கூட.

ஆனா கம்பீரமான ஆளுங்க. கல்யாணத்தன்னைக்கு போட்டோக்காரர், "சார், பொண்ணைத் திரும்பிப் பாருங்க"ன்னா, கழுத்தை மட்டும் வெடுக்குனு திருப்பற பேச்சே இல்லை. மொத்த உடம்போட, தேரு வீதியில திரும்பற மாதிரி நிதானமாத் திரும்புவாரு. என் பங்காளிக அசந்து போய்ட்டாங்க. "தண்டபாணி, மாப்ள நிக்கிற தோரணையைப் பாருடா"ன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கலை.

அந்தச் சைக்கிளை அவரு பெங்களூர்லதான் வெச்சிருந்தாரு. ஞாயித்துக்கெழமையானா ஆபீஸ் பசங்க கூட்டமாக் கிளம்பி ஓட்டுவாங்களாம். கல்யாணத்துக்கப்புறம் புதுசா வீடு பார்த்துப் போனாங்க, அங்க வைக்க இடமில்லைன்னு காருக்கு மேல கட்டிக் கொண்டாந்து நம்ம வீட்டுல விட்டுட்டாரு. மக சிந்துஜா எங்கிட்டத் தனியாச் சொன்னா, "பால்கனி பெருசாத்தாம்ப்பா இருக்குது, இவருதான் இடமில்லைங்கறாரு"ன்னு. எனக்கென்னங்க. மாப்பிள்ளை பொருள் நம்ம வீட்டுல இருக்கறது ஒரு கௌரவந்தானே. "பத்திரமாப் பார்த்துக்கறேனுங்க மாப்ள"ன்னேன்.

அதுக்குப் பேரு கிராவல் சைக்கிளாம். நமக்குக் கிராவல்னா லாரியில அடிக்கிற செம்மண்ணு. மண்ணு ஏத்தற சைக்கிளான்னு கேட்டதுக்கு மக சிரியோ சிரின்னு சிரிச்சா. மண்ணுரோடு, கல்லுரோடு எதுலயும் போகுமாம். முன்னால ஒரு சின்னப் பை தொங்குச்சு. தொறந்து பார்த்தேன். வேவு பார்க்கறதுக்கு இல்லீங்க, எலி புகுந்துடக் கூடாதுன்னு. உள்ளார ஒரு வலித் தைலம், பாதி பிதுக்குனது. அடடா, மாப்பிள்ளைக்குச் சளி பிடிக்கிற உடம்பு போலன்னு நினைச்சுட்டு, தீபாவளிக்கு மறக்காம மிளகு ரசம் வைக்கணும்னு துளசிமணிகிட்டச் சொல்லி வெச்சேன். நான் எல்லாத்தையும் கவனிக்கிற ஆளுங்க. ஆலையில டைம் ஆபீஸ்ல, ஆளுங்க வர்ற போற நேரம் எழுதற வேலை பார்த்தவன். கேட்டுல நுழையறவன் மூஞ்சியைப் பார்த்தே ராத்திரி வீட்டுல சண்டையா இல்லையான்னு சொல்லிருவேன்.

அந்தச் சைக்கிள் மேல எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன். தூசி படியுதேன்னு தொடைச்சேன். தொடைக்கறப்ப பார்த்தா டயர்ல காத்து இறங்கியிருந்துச்சு. காத்தடிச்சேன். அடிச்ச காத்து நிக்குதான்னு பார்க்க வேண்டாமா? ஓட்டித்தானே பார்க்கணும்? அப்படி ஏறுனதுதான்.

ஏறினா, அய்யோ சாமி. இந்தக் கொம்பைப் பிடிச்சா ஆளு முன்னால குப்புற விழுந்துடறான். தலை கீழ, பின்பக்கம் மேல. ரோட்டைத் தவிர ஒண்ணும் தெரியாது. நம்ம ஊர்ல சைக்கிள் எதுக்கு ஓட்டறோம்? போய்ச் சேரறதுக்கா? டீக்கடையில யாரு உட்கார்ந்திருக்கறாங்க, யாரு வீட்டு வாசல்ல புதுச் செருப்புக் கிடக்குது, ஒறம்பரை, அதான் விருந்தாளி, வந்திருக்கறாங்களா, இதெல்லாம் பார்த்துட்டுப் போறதுக்குத்தானே? இதுல போனா யாரு கூப்பிட்டாங்கன்னும் தெரியலை. "தண்டபாணிக்கு மாப்ள வந்ததும் கண்ணு தெரியலையாட்ட இருக்குது"ன்னு பேசிக்கிட்டாங்களாம். துளசிமணி வாசல்ல நின்னு பார்த்துட்டு, "கோழி குப்பையைக் கிளறப் போற மாதிரியே இருக்குதுங்க"ன்னா.

சரி, பழகிரும்னு விட்டுட்டேன். ஒரு நாள் காலையில தளி ரோட்டுப் பக்கம் போய்ட்டு, ஊருக்குள்ள குறுக்கு வழியில வர்றேன். மக்காச்சோள அறுப்பு நேரம். பாதி ரோட்டை மறிச்சுக் கொட்டிக் காயப் போட்டிருக்கறாங்க. எனக்கு எங்க தெரியுது? கண்ணுக்கு முன்னால திடீர்னு ரோடு மஞ்சளாயிருச்சு. பிரேக்கைப் பிடிக்கலாம்னு கை போகுது, நம்ம கை எங்க போகும், பழைய பழக்கத்துக்கு மேலதான் போகும். பிரேக் அங்க இல்லை. கொம்புக்கு முன்னால தொங்குது. கை தேடிட்டே இருக்குது, சைக்கிள் போய்ட்டே இருக்குது. கிராவல்ல ஓடும்னுதான் சொன்னாங்க, மக்காச்சோளத்துல ஓடும்னு யாரும் சொல்லலையே. நடுக் குவியல்ல போய்ப் படுத்தேன். அந்தச் சோளத்துக்காரம்மா ஓடி வந்து தூக்கி விடுமின்னு பார்த்தா, இடுப்புல கையை வெச்சு நிக்குது. "ஏனுங்கண்ணா, கிளறி விட ஆள் வேணும்னுதான் சொல்லியிருந்தேன். இப்படி உழுகறதுக்கு யாரு சொன்னாங்க?"ங்குது. ரெண்டு நாளைக்கு என் சட்டைப் பையில இருந்து சோளம் விழுந்துச்சு.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணுனேன். எனக்காக இல்லீங்க. நான் என்ன, கிழவன், விழுந்தா எந்திரிப்பேன். மாப்பிள்ளையை நினைச்சுப் பார்த்தேன். தலை தீபாவளிக்கு வர்றாரு, ஆசையா ஒரு சுத்துப் போறாரு, சோளத்துல விழுந்துடறாருன்னு வைங்க. ஊரு என்ன பேசும்? சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாங்க? அவரு நல்லதுக்குத்தான் தம்பி. முழுக்க முழுக்க அவரு நல்லதுக்குத்தான்.

எங்க தெருவுல இருந்து கோயமுத்தூருக்குத் தேங்கா லோடு போற டெம்போவுல சைக்கிளை ஏத்தி, நானும் தேங்கா மேல உட்கார்ந்து போனேன். அங்க ஜெரால்டுன்னு ஒரு பையன், பெரிய சைக்கிள் கடை. கொம்பை எடுத்துட்டு நேர் ஹேண்டில் போடுங்கன்னேன். "சார், அது பேன்ட்டுக்குப் பட்டன் மாத்தற மாதிரி இல்லைங்க. இந்தக் கொம்புல பிரேக்கும் கியரும் ஒரே லிவர்ல சேர்ந்திருக்குது. நேர் கம்பியில இது உட்காராது. அதுக்கு பிரேக் வேற, கியர் வேற. கேபிளும் வேற நீளம்"னாரு. அப்புறம் இந்த லிவரை அவரு எடுத்துக்கிட்டு, நேர் ஹேண்டிலும் அதுக்குண்டான சாமானும் போட்டுக் குடுக்கறதாப் பேச்சு. கொம்பை மட்டும் குடுங்கன்னு வாங்கிட்டு வந்துட்டேன். மாப்பிள்ளை பொருளை விட்டுட்டு வர முடியுமுங்களா? "பின்னால இதையே மாட்டணும்னா முடியுமா தம்பி?"ன்னு கேட்டேன். "நேர் ஹேண்டில் பிடிச்சவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லைங்க சார்"னாரு.

கொய்யா வாங்கறீங்களா தம்பி? வேண்டாமா? இந்தாப்பா, வண்டி நகரப் போகுது, இறங்கு இறங்கு. ஏனுங்க கண்டக்டர், ஊர் ஊருக்கு நிறுத்துனா எப்பப் போய்ச் சேர்றது?

என்ன சொன்னேன்? ஆங், நேர் ஹேண்டில். தம்பி, அதுல ஏறி உட்கார்ந்தா, குதிரை மேல உட்கார்ந்த மாதிரிங்க. நெஞ்சு நிமிர்ந்திருச்சு. ஊரே தெரியுது. காம்பவுண்டு சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு வீட்டுல முருங்கை காய்ச்சிருக்குதுன்னு தெரியுது. டீக்கடையைத் தாண்டறப்ப ஒரு கையை எடுத்து, "என்னங்க, சௌக்கியமா?"ன்னு கேட்டுட்டே போலாம். அந்தச் சோளத்துக்காரம்மா வீட்டு வழியா வேணும்னே ரெண்டு தடவை போனேன். "பரவாயில்லையே, அண்ணன் இன்னைக்கு ரோட்டுலயே போறாரு"ங்குது.

ஓட்டாம நிறுத்தி வெச்சாத் துரு ஏறிரும் பாருங்க. அதுக்காகத்தான் தினமும் எடுக்கறது. திருமூர்த்தி மலை அடிவாரம் வரைக்கும் ஒரு நாள். அமராவதி டேமுக்கு ஒரு நாள். மாப்பிள்ளைக்கு உதவுமேன்னு ஒரு பெல் வாங்கி மாட்டினேன். சாய்ச்சு வெச்சா பெயிண்ட் போயிருமேன்னு ஒரு ஸ்டேண்டு. முன்னால ஒரு கூடை. கூடை எதுக்குங்கறீங்களா? பெங்களூர்ல காய்கறி வாங்கப் போக மாட்டாங்களா? ஆயுத பூஜைக்கு மத்தியான நேரம் பார்த்துச் சந்தனம், குங்குமம் வெச்சு, மாலை போட்டு, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தினேன். என் மொபெட்டுக்கு வெறும் பொட்டுதான். துளசிமணி கேக்கறா, "ஏனுங்க, நான் மூணு நாளாக் கிரைண்டர் சத்தம் போடுதுன்னு சொல்றேன். அதைத் திரும்பிப் பார்க்கலை, அந்தச் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு விட்டுப் பார்க்கறீங்களே"ன்னு. நான் என்ன பதில் சொல்றது? கிரைண்டர் நம்ம பொருளு. சைக்கிள் அடுத்தவங்க பொருளு. பொறுப்பு இருக்குதில்லீங்களா?

இந்தக் கொம்பைத் துளசிமணி பின்கட்டுல ஆணியில மாட்டி, ஒரு வளைவுல வெங்காயக் கொத்தும் இன்னொரு வளைவுல என் துண்டும் தொங்க விட்டுட்டா. மோந்து பாருங்க, இன்னமும் வெங்காய வாசம் அடிக்குது.

எல்லாம் நல்லாத்தான் போச்சுங்க. போன வாரம் தீபாவளிக்கு முறையா அழைக்கறதுக்கு நாங்க ரெண்டு பேரும் பெங்களூர் போனோம். தட்டு வெச்சு அழைச்சோம். அப்ப மாப்பிள்ளை, அந்த மனுசன் வாயைத் தொறந்து என்னைக்கு ஒண்ணு கேட்டிருக்கறாரு, அன்னைக்குக் கேட்டாரு. "மாமா, சைக்கிள் எப்படி இருக்குது?"

அப்ப உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். துளசிமணி டேபிளுக்கடியில என் காலை மிதிச்சா. வாயில இருந்து தானா வந்துச்சு, "நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்குதுங்க மாப்ள"ன்னு. அவரு தலையை ஆட்டிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாரு. மொத்த உடம்போட. அன்னைக்கு மத்தியானமும் ரெண்டாவது தடவை சோறு வாங்கலை.

வீடு வந்து சேர்ற வரைக்கும் துளசிமணி ஒரே பேச்சு. "ஒரு கண்ணாடிக்கே அப்படி எந்திரிச்சவரு. இத்தாத்தண்டி சைக்கிளை வேற ஆளாக்கி வெச்சிருக்கறீங்க. தலை தீபாவளியன்னைக்கு இலையை மறிச்சுட்டு எந்திரிச்சாருன்னா என் மக வாழ்க்கை என்னத்துக்காகறது?" சும்மா சொல்லக் கூடாதுங்க, எனக்கும் பயம் வந்துருச்சு. ஒரு வாரம் யோசிச்சு யோசிச்சு, நேத்து ராத்திரி ஜெரால்டுக்குப் போன் போட்டேன். "லிவர் இன்னும் அலமாரியிலதான் இருக்குதுங்க சார். ஆனா நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு ஆளு வந்து பார்க்கறேன்னிருக்காரு. அதுக்கு முன்னால கொம்பைக் கொண்டு வந்துட்டீங்கன்னா லிவரைப் பூட்டி, டேப் சுத்தி முழுசாக் குடுத்துடறேன். ஊர்ல போய் நடுவுல போல்ட்டு முறுக்கி, கேபிளை இழுத்துக் கட்டினாப் போதும்"னாரு. அந்த வேலைக்கு எங்க ஊர்ல மயில்சாமின்னு மெக்கானிக் இருக்கறாரு. சைக்கிளைத் தொழுவத்துல, துளசிமணி சேலையைப் போட்டு மூடி வெச்சுட்டு, முதல் பஸ் போயிருச்சு, இதைப் பிடிச்சு வர்றேன்.

இருங்க தம்பி, போன் அடிக்குது. துளசிமணிதான்.

ஆ, சொல்லு. கிணத்துக்கடவு தாண்டியாச்சு. யாரு? எப்ப? நாளைக்கு ராத்திரின்னுதானே சொன்னாங்க! ம். ம். சைக்கிளை மூடித்தானே வெச்சோம்? ஏம்புள்ள, அந்தச் சேலையை எதுக்கு எடுத்தே? துவைக்கறதுக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா? அப்புறம்? என்ன சொன்னாரு? ஒண்ணுமே சொல்லலையா? எங்க போனாரு? அழுகாதே. அழுகாதேங்கறேன். இட்லியை மூடி வை. நான் போயிட்டுக் கூப்பிடறேன்.

போச்சுங்க தம்பி.

லீவு சேர்ந்தாப்பல கிடைச்சுதுன்னு ராத்திரியே கார்ல கிளம்பி வந்துட்டாங்களாம். நான் இந்தப் பக்கம் பஸ் ஏறியிருக்கறேன், அவங்க அந்தப் பக்கம் வந்திருக்கறாங்க. மாப்பிள்ளை பல்லு விளக்கப் பின்னால போயிருக்கறாரு. அங்க கொம்பு இல்லாத சைக்கிள் நிக்குது. கூடையோட, பெல்லோட, சந்தனப் பொட்டோட. பிரஷ்ஷை வாயில வெச்சுட்டு அப்படியே நின்னாராம். வாயைக் கொப்புளிச்சுட்டு, சைக்கிளை எடுத்துட்டு வெளிய போனவரு போனவருதானாம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சாம். போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போய்ட்டாரு. சுட்ட இட்லி அப்படியே இருக்குது. "கோவிச்சுட்டு அப்படியே பெங்களூருக்கே மிதிச்சுப் போய்ட்டாருங்களா?"ன்னு கேக்கறா என் வீட்டுக்காரி. போவாரா தம்பி? அந்தச் சைக்கிள்ல போலாம். ரொம்பச் சுகமாப் போலாம். அதுதான் எனக்குப் பயமே.

இனி இந்தக் கொம்பைக் கொண்டு போயி என்ன பண்றது? இறங்கித் திரும்பிப் போயிரட்டுமா? நீங்க சொல்லுங்க. படிச்சவங்க. மாப்பிள்ளை ஆயிட்டீங்களா? இல்லையா? அப்ப உங்களுக்குத் தெரியாது.

கொஞ்சம் தண்ணி குடுங்க.

மறுபடியும் அடிக்குது. மக. எடுக்கவே கை வரலை. எடுக்கறேன்.

சொல்லு கண்ணு. வந்துட்டாரா! எங்க போயிருந்தாராம்? திருமூர்த்தி மலைக்கா? அவ்வளவு தூரமா? ம். என்னது? கழுத்தா? எந்தக் கழுத்து? ம். ம். ஓ. அப்படியா. இட்லி எத்தனை? அடேங்கப்பா. ம், ம். யாரு, நானா? ஆமா கண்ணு, பின்ன, கவனிக்காமயா? அப்பவே கவனிச்சுட்டேன். மறுவிருந்தன்னைக்கே கவனிச்சேன். அப்பாவுக்குத் தெரியாதா? சொல்லுவாங்களா இதையெல்லாம், மனசுக்குள்ள வெச்சுக்கறதுதான். சரி. சரி. என்ன? திரும்பச் சொல்லு. எங்கே? எதை? கூடையோடவா? ம். இல்லை, இல்லை, எனக்கென்ன. அவரு சைக்கிள். எனக்கென்ன. சரி, வெச்சர்றேன். வெச்சர்றேன் கண்ணு, பஸ்ல சத்தம்.

இல்லீங்க தம்பி. கெட்ட சேதி இல்லீங்க. நல்ல சேதிதான். ரொம்ப நல்ல சேதி.

மாப்பிள்ளைக்குக் கழுத்து வலியாமுங்க. வருசக் கணக்கா. இந்தக் கொம்பு ஹேண்டிலைப் பிடிச்சுக் குனிஞ்சு குனிஞ்சு வந்த வலி. திரும்ப முடியாது, குனிய முடியாது. ஆபீஸ் பசங்க கிண்டல் பண்ணுவாங்கன்னு யாருகிட்டயும் சொல்லலையாம். கட்டுன பொண்டாட்டிகிட்டயே இன்னைக்குத்தான் சொன்னாராம். இடமில்லைன்னு சாக்குச் சொல்லி நம்ம வீட்டுல விட்டதும் அதுக்குத்தானாம். அன்னைக்குப் பாயில உட்கார்ந்து இலைக்குக் குனிய முடியாமத்தான் ரெண்டாவது தடவை சோறு வேண்டாம்னு எந்திரிச்சிருக்கறாரு. கண்ணாடி உடைஞ்சதே அவருக்கு ஞாபகம் இல்லையாம். இன்னைக்கு நேர் ஹேண்டில்ல உட்கார்ந்து மலையடிவாரம் வரைக்கும் போய்ட்டு வந்திருக்கறாரு. ஒரு வலி இல்லை. தெரு முனையில இருந்து பெல் அடிச்சுட்டே வந்தாராம். கூடை நிறையக் கொய்யாப்பழம். இட்லி எட்டு. அப்புறமும் "அத்தை, இன்னும் இருக்குதுங்களா?"ன்னு கேட்டாராம். துளசிமணி இப்ப சந்தோசத்துல அழுகறாளாம்.

"நான் வாயைத் தொறந்து சொல்லாமயே மாமா என் வலியைப் புரிஞ்சுக்கிட்டாரு, எங்கப்பாகூட இப்படிக் கவனிச்சதில்லை"ன்னு சொன்னாராம் தம்பி. மாப்பிள்ளை. என்னைப் பத்தி. அவரு இத்தனை வார்த்தை சேர்ந்தாப்பலப் பேசி எங்க வீட்டுல யாருமே கேட்டதில்லை.

ஆமாங்க. சந்தோசந்தான். சந்தோசமில்லாம என்ன.

தீபாவளி முடிஞ்சு போகறப்ப சைக்கிளைக் காருக்கு மேல கட்டிப் பெங்களூருக்கே எடுத்துட்டுப் போறாராம். இனிமேத் தினமும் ஓட்டப் போறாராம். கூடையையாவது கழட்டிக் குடுப்பாருன்னு பார்த்தேன். கூடையோடவாம். காய்கறி வாங்க வசதியாம்.

எனக்கென்ன. அவரு சைக்கிள். எடுத்துட்டுப் போகட்டும்.

ஜன்னலைக் கொஞ்சம் தொறங்க தம்பி, புழுக்கமா இருக்குது.

பெங்களூர்ல எங்கீங்க சைக்கிள் ஓட்டறது? அங்க இருக்கற வண்டிக் கூட்டத்துல? டீக்கடைக்காரர் யாருன்னு தெரியுமா? "சௌக்கியமா"ன்னு யாரைக் கேக்கறது? அங்க எந்தக் காம்பவுண்டுல முருங்கை காய்க்குது? சும்மா பால்கனியில நிக்கும். துரு ஏறும். பூஜை போட்ட வண்டிங்க அது.

இதா, ஜெரால்டு கூப்பிடறாரு. மணி என்ன? பத்தே முக்காலா?

சொல்லுங்க தம்பி. ஆமா, வந்துட்டே இருக்கறேன். ஈச்சனாரி வந்தாச்சு. என்ன, அந்த ஆளு இப்பவே வந்துட்டாரா? லிவரைக் கையில வெச்சிருக்கறாரா? வாங்குங்க! கையில இருந்து வாங்கி அலமாரியில வைங்க! குடுத்துடாதீங்க தம்பி, புண்ணியமாப் போகும். இல்லை, இல்லை, மனசெல்லாம் மாறலை. கண்டிப்பா வேணும். முன்னைக்கு இப்பத்தான் ரொம்ப வேணும்.

என்னங்க தம்பி அப்படிப் பார்க்கறீங்க?

அடுத்தவங்க பொருளை எப்படி வாங்குனமோ அப்படியே திருப்பிக் குடுக்கணும். அதுதானுங்களே முறை? "நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே இருக்குது"ன்னு மாப்பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கறேன். அவரு பெரிய மனசோட நேர் ஹேண்டிலே போதும்னு சொல்லுவாரு. அதுக்காக நாம விட்டுற முடியுமா? நான் கொண்டு போயிப் பூட்டறது பூட்டறதுதான். தீபாவளியன்னைக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுட்டு, லேகியம் சாப்பிட்டு, கறியும் சோறும் ஒரு பிடி பிடிச்சாருன்னா, மத்தியானம் மாப்பிள்ளை கட்டை மாதிரித் தூங்குவாரு. மயில்சாமிக்கு அரை மணி நேரம் போதும். எந்திரிச்சு வந்து பார்ப்பாரு. கொம்பைப் பார்த்ததும் கழுத்து ஞாபகம் வரும். "மாமா, பால்கனியில இடமில்லைங்க, இங்கயே இருக்கட்டும்"பாரு. மாமனாரு மேல நம்பிக்கை இருந்தாத்தானே பொருளை விட்டுட்டுப் போவாங்க? அந்த நம்பிக்கையை நான் காப்பாத்தணுமில்லீங்களா?

அன்னைக்கு ராத்திரி ரெண்டாவது தடவை சோறு வாங்காட்டிப் போகட்டுமுங்க. பலகாரம் இருக்குது. பட்டினியா கிடந்துருவாரு?

உக்கடம் வந்துரும் இப்ப. இறங்கறதுக்கு முன்னால ஒரு உதவி பண்ணுங்க தம்பி. இந்தப் பேப்பரைக் கொஞ்சம் பிரிக்கறேன். இப்படி முன்னால நீட்டிப் பிடிச்சுக்கறேன், நீங்க ரெண்டு கையையும் அந்த வளைவுல வெச்சுக் குனிங்க. இன்னும் கீழ. கீழ, அந்த முனையைப் பிடிங்க. இப்பத் தலையை நிமிர்த்தி, அந்தக் கண்டக்டரைப் பாருங்க.

கழுத்து வலிக்குதுங்களா?

லேசாவா? இருங்க, கையை எடுத்துறாதீங்க, அப்படியே கொஞ்ச நேரம் இருங்க.

இப்ப?

நல்லா வலிக்குதா? பின்கழுத்துல? தோளு வரைக்கும் இழுக்குதா?

ரொம்பச் சந்தோசமுங்க தம்பி. நல்லா இருப்பீங்க.